கோர்தோபாவா, யெப்பெஸா: கொலம்பியத் தடுப்பாட்டக்காரர்களில் யார் அதிகம் அறியப்பட்டவர்?

கேள்வி – பின்வரிசை

தென் அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர்களை வைத்து வினாடி வினாவில் ஒரு சுற்று தயாராகிறது. கேள்விகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து மதிப்பெண் போட வேண்டும். அர்ஜென்டினா, பிரேசில் ஆட்களைப் பிரிப்பதில் சிரமமில்லை. கொலம்பியாவுக்கு வந்தால்தான் கை நிற்கிறது.

கோப்பைகளை எண்ணினால் இவான் ராமிரோ கோர்தோபாவின் பக்கத்தில் வேறு கொலம்பிய டிஃபெண்டர் நிற்க முடியாது. ஆனால் மரியோ யெப்பெஸ் என்றால் சட்டென்று முகம் நினைவுக்கு வருகிறவர்கள் கூடுதலாக இருப்பார்களோ என்ற சந்தேகம் விடவில்லை. லூயிஸ் அமராந்தோ பெரேயா அட்லெட்டிகோ மாட்ரிட்டில் எட்டு ஆண்டு ஆடியவர். அவரை எங்கே வைப்பது? ஆந்த்ரேஸ் எஸ்கோபாரை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதன் காரணம் அவர் சுட்டுக் கொல்லப்பட்டது.

யார் சிறந்தவர் என்பது என் கேள்வி இல்லை. யார் எவ்வளவு அறியப்பட்டவர், அது ஏன் அப்படி, அதை எண்ணில் எப்படிப் பார்ப்பது? கருவிகளைப் பயன்படுத்துகிறவர்கள் படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – சான்சீரோ மேல்வரிசை

கோர்தோபா, யெப்பெஸ் இருவரையும் ஒப்பிடுவதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைப்பது அரிது. இருவரும் 1976இல் பிறந்தவர்கள்: யெப்பெஸ் ஜனவரியில் காலியில், கோர்தோபா ஆகஸ்டில் ரியோநெக்ரோவில். இருவரும் சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்), இருவரும் கொலம்பியாவுக்குக் கேப்டனாக இருந்தவர்கள். 2010 முதல் 2012 வரை இத்தாலியின் மிலான் நகரில், ஒரே மைதானத்தில், இன்டர், மிலான் என்ற இரு கிளப்புகளுக்காக எதிரெதிரே இருந்தார்கள். 2001 கோப்பா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளின் கோப்பை) இறுதியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று காத்தார்கள். வயது, நாடு, இடம் எல்லாம் சமம் என்பதால் மிச்சமிருக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

முதலில் கிளப் கணக்கு. கோர்தோபா 2000 ஜனவரியில் அர்ஜென்டினாவின் சான் லொரென்சோவிலிருந்து இன்டருக்கு வந்தார். 2012இல் ஓய்வு பெறும்வரை வேறு கிளப்புக்குப் போகவில்லை. எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 455 ஆட்டங்கள். சீரி ஆ (இத்தாலிய லீக்) 5, கோப்பா இத்தாலியா 4, இத்தாலிய சூப்பர் கோப்பை 4, சாம்பியன்ஸ் லீக் 1, கிளப் உலகக் கோப்பை 1: மொத்தம் 15. சாம்பியன்ஸ் லீக் வென்ற முதல் கொலம்பியர் அவர்தான். உயரம் 1.73 மீட்டர். இத்தாலியில் அந்த உயரத்தோடு பன்னிரண்டு ஆண்டு சென்டர் பேக்காக நிலைத்தவர் என்றால், எம்பும் வேகமும் திரும்பி ஓடும் வேகமும் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யெப்பெஸின் பாதை பல ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. கோர்துலுவா, தெபோர்திவோ காலி, ரிவர் பிளேட், நாந்த், பிஎஸ்ஜி, கியெவோ, மிலான், அட்டலாண்டா, சான் லொரென்சோ. பாரிஸின் பிஎஸ்ஜியில் ஆடியது 2004–2008, அதாவது கத்தார் முதலாளிகளின் பணம் வருவதற்கு முந்தைய காலம். மிலானில் 2010–11 சீரி ஆ. இப்படி ஊர் ஊராக ஆடியதில் ஒரு லாபம் உண்டு: அர்ஜென்டினா, பிரான்ஸ், இத்தாலி என மூன்று நாட்டு ரசிகர்களுக்குப் பெயர் பழக்கம். நஷ்டமும் உண்டு: 'எங்கள் ஆள்' என்று ஆண்டுக்கணக்கில் தூக்கிவைக்கும் பெரிய கிளப் ஒன்றும் இல்லை. கோர்தோபாவுக்கு இன்டர் இருக்கிறது. இன்டரின் 2010 சாம்பியன்ஸ் லீக் கோப்பை பற்றி எழுதப்படும்போதெல்லாம் அவர் பெயரும் வரும்.

கோப்பைக் கணக்கில் கோர்தோபா வெகு தூரம் முன்னே. ஆனால் தடுப்பாட்டக்காரர் உலகம் முழுக்கத் தெரிய வருவது உலகக் கோப்பையில்தான். கோர்தோபாவின் உச்ச வயதில் வந்த மூன்று உலகக் கோப்பைகளுக்கும், 2002, 2006, 2010, கொலம்பியா தகுதி பெறவில்லை.

அதில் 2002 மனத்தை அறுக்கும் கணக்கு. தகுதிச் சுற்றின் முடிவில் உருகுவேக்கும் கொலம்பியாவுக்கும் தலா 27 புள்ளி. உருகுவேயின் கோல் வித்தியாசம் +6, கொலம்பியாவுடையது +5. கடைசி நாள் ஆட்டத்தில் பராகுவேயை அதன் ஊரிலேயே 4–0 என்று அடித்தும் போதவில்லை. அதே 2001இல்தான் இந்த அணி ஒரு கோல் கூட வாங்காமல் கோப்பா அமெரிக்காவை வென்றது: 6 ஆட்டம், 6 வெற்றி, 11 கோல் அடித்தது, வாங்கியது பூஜ்யம். ஜூலை 29, பொகோட்டா எல் காம்பின் மைதானம், மெக்சிகோவுக்கு எதிராக 65ஆவது நிமிடம், இவான் லோபெஸின் ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் கேப்டன் கோர்தோபா. கொலம்பியா இதுவரை வென்ற ஒரே கோப்பா அது. சொந்த நாட்டில், இறுதியில், கேப்டன் அடித்த கோல். அப்படி இருந்தும் அது வெளிநாட்டில் ஏன் பதியவில்லை? பாதுகாப்புக் காரணத்தால் போட்டியே நடக்குமா என்ற குழப்பம் தொடங்கும் தருவாய்வரை நீடித்தது, அர்ஜென்டினா வரவில்லை, பிரேசில் காலிறுதியில் ஹோண்டுராஸிடம் 2–0 என்று தோற்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதற்கு மேல் கவனம் வைக்கவில்லை.

யெப்பெஸுக்கு 38 வயதில் 2014 வந்தது. பிரேசில் உலகக் கோப்பையில் கேப்டன். ஜூலை 4, ஃபோர்த்தலேசா, காலிறுதி. பிரேசில் 1–0 முன்னிலையில் இருந்தபோது இரண்டாம் பாதியில் கோல் வாய் முன் நடந்த தள்ளுமுள்ளில் அவர் பந்தை வலைக்குள் தள்ளினார்; ஆஃப்சைடு என்று கொடி உயர்ந்தது. சிறிது நேரத்தில் பிரேசிலின் தாவித் லூயிஸ் ஃப்ரீ கிக்கில் இரண்டாவது கோல் அடித்தார், கொலம்பியாவின் ஹாமெஸ் ரோட்ரிகெஸ் பெனால்டியில் ஒன்று திருப்பினார், ஆட்டம் 2–1. 'ஏரா கோல் தே யெப்பெஸ்', அதாவது 'அது யெப்பெஸின் கோல்தான்' என்ற வாசகம் கொலம்பியாவில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அநியாயமாகப் பறிபோன எதற்கும் அதைச் சொல்கிறார்கள். கணக்கில் ஏறிய கோலைவிட ஏறாத கோல் ஒருவர் பெயரை இவ்வளவு தூரம் கொண்டுபோவது அபூர்வம்.

இதே விதி வேறு இடத்திலும் வேலை செய்வதைப் பார்க்க, 2002–2004இல் இன்டரில் கோர்தோபாவுடன் ஆடிய ஃபாபியோ கன்னவாரோவைப் பாருங்கள். அவரும் 1.80 மீட்டரைத் தொடாத சென்டர் பேக். 2006இல் இத்தாலி கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார், அதே ஆண்டு சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது வந்தது. திறமையில் இருவருக்கும் இடைவெளி இருந்தது உண்மை. புகழில் உள்ள இடைவெளி அதைப்போலப் பல மடங்கு.

பதில் 2 – தரவுத்தட்டு

அளக்கும் வழியைச் சொல்கிறேன். இரண்டு இலவசக் கருவிகள் போதும்: விக்கிப்பீடியாவின் பக்க வருகைகளை எண்ணும் பேஜ்வியூஸ், தேடல் அளவைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ். இரண்டிலும் பொறிகள் உண்டு. அவற்றைத் தெரியாமல் இறங்கினால் தலைகீழான விடை வரும்.

பேஜ்வியூஸில் ஒரே விக்கியின் 10 கட்டுரைகள்வரை ஒன்றாகப் போடலாம். ஏஜென்ட் என்ற இடத்தில் 'யூசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தேடுபொறிகளின் தானியங்கி வருகையும் கணக்கில் சேரும். தளம் என்ற இடத்தில் எல்லாவற்றையும் வையுங்கள், மொபைலை விட்டுவிடாதீர்கள். கால அளவை குறைந்தது 24 மாதமாக, மாத வாரியாகப் போட்டு எண்களைத் தரவிறக்குங்கள். பிறகு சராசரியைத் தொடாமல் இடைநிலை அளவை எடுங்கள். ஒரு முன்னாள் வீரரைப் பற்றி எங்காவது செய்தி வந்தால் அந்த ஒரு மாதம் மட்டும் பல மடங்கு எகிறும், சராசரி அதோடு ஓடிவிடும். 24 மாதத்தை வரிசைப்படுத்தி 12ஆவது, 13ஆவது எண்களின் நடுப்புள்ளியை எடுத்தால் சாதாரண நாளில் எத்தனை பேர் தேடி வருகிறார்கள் என்பது கிடைக்கும். வினாடி வினாவுக்கு வேண்டியது அதுதான்.

ஆங்கில விக்கியோடு நிறுத்தினால் கொலம்பிய வீரர் விஷயத்தில் பாதிப் படம்தான் தெரியும். ஸ்பானியம், இத்தாலியம், பிரெஞ்சு மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். லாங்வியூஸ் என்ற துணைக் கருவியில் ஒரு கட்டுரையைக் கொடுத்தால் அது எத்தனை மொழிகளில் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை வருகை என்று பட்டியலாகத் தரும். கோர்தோபாவுக்கு இத்தாலியமும் யெப்பெஸுக்கு பிரெஞ்சும் எவ்வளவு தூக்கிக்கொடுக்கின்றன என்பது அங்கேதான் தெரியும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. கருவி கட்டுரைத் தலைப்பை வைத்தே எண்ணுகிறது. வழிமாற்றுப் பக்கங்கள் (வேறு தலைப்பில் தேடுபவரைக் கட்டுரைக்கு அனுப்பும் பக்கங்கள்) வழியாக வந்தவர்கள் சேர மாட்டார்கள். யாராவது நடுவில் தலைப்பை மாற்றியிருந்தால் பழைய மாதங்கள் பழைய தலைப்பில் கிடக்கும். ஒருவருடைய வரைபடம் திடீரென்று பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் முதலில் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைப் பாருங்கள். இன்னொன்று, இந்தக் கருவியின் தரவு 2015 ஜூலையிலிருந்துதான். யெப்பெஸின் பெயர் உச்சத்தில் இருந்த 2014 ஜூலை அதில் இல்லவே இல்லை.

அந்த மாதத்துக்கு ட்ரெண்ட்ஸ். அதில் 2004 முதல் தரவு உண்டு. ஒரே நேரத்தில் 5 பெயர்கள். ஆனால் 'கோர்தோபா' என்று வெறும் சொல்லைத் தட்டிவிடாதீர்கள். ஸ்பெயினில் அந்தப் பெயரில் நகரம், அர்ஜென்டினாவில் நகரமும் மாகாணமும், கொலம்பியாவிலேயே ஒரு மாகாணம். போதாததற்கு, அவர் பிறந்த ரியோநெக்ரோவில் இருக்கும் விமான நிலையத்தின் பெயர் ஹோசே மரியா கோர்தோவா; எழுத்துப் பிழையோடு தேடுகிறவர்கள் எல்லாம் இங்கே வந்து விழுவார்கள். எனவே பெயரைத் தட்டியதும் கீழே விரியும் பட்டியலில் 'கால்பந்து வீரர்' என்ற குறிப்போடு வரும் பொருளைத் தேர்ந்தெடுங்கள். எஸ்கோபாருக்கு இது இன்னும் கட்டாயம். குடும்பப் பெயரை மட்டும் கொடுத்தால் கிடைப்பது போதைப்பொருள் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபாரின் தேடல்.

ட்ரெண்ட்ஸ் தருவது எண்ணிக்கை இல்லை. நீங்கள் கேட்ட காலத்தில் உச்சமான புள்ளியை 100 ஆக்கி மற்றதெல்லாம் அதற்கு விகிதம். 2004 முதல் என்று போட்டால் ஒரே ஒரு மாத உச்சம் 100ஐப் பிடித்துக்கொள்ள, மற்ற மாதங்கள் எல்லாம் தரையோடு ஒட்டி 1, 2 என்று நிற்கும். யாரையும் ஒப்பிட முடியாது. இரண்டு முறை ஓட்டுங்கள்: 2004–2014 ஒரு தடவை, 2015க்குப் பிறகு ஒரு தடவை. நாட்டு வாரியாகவும் மாற்றிப் பாருங்கள். உலகம், கொலம்பியா, இத்தாலி, அர்ஜென்டினா. இடம் மாறினால் முன்னே நிற்பவர் மாறலாம். 'யார் அதிகம் அறியப்பட்டவர்' என்ற கேள்வியோடு 'எங்கே' என்பதையும் சேர்த்தால்தான் விடைக்கு அர்த்தம்.

பின்வரிசை

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். இணையத்தில் 'வரலாற்றுப் புகழ்க் குறியீடு' என்று ஒரே எண்ணில் வீரர்களை வரிசைப்படுத்தும் பட்டியல் இருக்கிறதே, அதை நேராக எடுத்துக்கொள்ளலாமா? எஸ்கோபாரை இவர்களோடு ஒரே தட்டில் வைக்கலாமா?

பதில் 3 – மடக்கை அட்டவணை

நீங்கள் சொல்வது எம்ஐடியில் தொடங்கிய பாந்தியன் திட்டத்தின் குறியீடு. நேராக எடுக்காதீர்கள். அது எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் காரணம் விளங்கும்.

முதல் வடிவத்தில் ஐந்து உறுப்புகள். எத்தனை மொழி விக்கிகளில் கட்டுரை இருக்கிறது. வருகைகள் அந்த மொழிகளில் எவ்வளவு பரவியிருக்கின்றன. பிறந்து எத்தனை ஆண்டு ஆயிற்று. ஆங்கிலம் தவிர்த்த மொழிகளில் மொத்த வருகை. வருகை காலப்போக்கில் எவ்வளவு ஏறி இறங்குகிறது. முதல் நான்கின் மடக்கைகளை (லாகரிதங்களை) கூட்டி, கடைசியான மாறுபாட்டுக் கெழுவின் மடக்கையைக் கழிக்கிறார்கள். ஆண்டுக்கு மட்டும் அடிமானம் 4, மற்றவற்றுக்கு இயல் மடக்கை. பிறந்து 70 ஆண்டு ஆகாதவர்களுக்கு, குறையும் ஒவ்வொரு 7 ஆண்டுக்கும் 1 புள்ளி வீதம் கூடுதலாகக் கழியும்.

இப்போது எஸ்கோபாரையும் கோர்தோபாவையும் போட்டுப் பாருங்கள். எஸ்கோபார் 1967, கோர்தோபா 1976. 2013ஐ அடிப்படை ஆண்டாக வைத்தால் 46, 37. ஆண்டின் மடக்கையில் வித்தியாசம் சுமார் 0.16. 70 ஆண்டு விதியில் 24/7க்கும் 33/7க்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1.29. இரண்டையும் கூட்டினால் 1.44 புள்ளி. ஒன்பது ஆண்டு முன்னதாகப் பிறந்ததற்கு மட்டும் கிடைப்பது இது. மற்ற எல்லாம் சமமாக இருந்தால், இதை ஈடுகட்ட கோர்தோபாவின் பக்கத்துக்கு 4.2 மடங்கு வருகை வேண்டும். ஓய்வு பெற்ற வீரர்கள் பெரும்பாலோர் 70க்குக் கீழே இருப்பவர்கள் என்பதால், இந்தப் பட்டியலில் தலைமுறை மாறிய ஒப்பீடு எதையும் நம்ப முடியாது. கோர்தோபா, யெப்பெஸ் இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். அவர்களுக்குள் இந்த உறுப்பு அப்படியே அடிபட்டுப்போகும். மேலே ஒருவர் சுத்தமான ஒப்பீடு என்று சொன்னது இங்கேயும் பொருந்துகிறது.

பரவல் உறுப்பையும் கவனியுங்கள். ஒருவருக்கு இரண்டே மொழிகளில் சரிபாதியாக வருகை இருந்தால் 'பயனுள்ள மொழிகள்' (சமமாகப் பரவிய மொழிகளுக்கு ஈடான எண்ணிக்கை) 2. அதே இரண்டு மொழிகளில் 80க்கு 20 என்று இருந்தால் என்ட்ரோபி என்ற பரவல் கணக்கில் 1.65தான். நாற்பது மொழிகளில் கட்டுரை இருந்தும் படிப்பவர்கள் எல்லாம் ஸ்பானியத்தில் குவிந்திருந்தால் இந்த எண் கீழே வரும். பல நாட்டு லீக்குகளில் ஆடிய யெப்பெஸ் மாதிரி ஆளுக்கு இது சாதகமாக அமையக்கூடிய உறுப்பு.

எஸ்கோபாரைத் தனித் தட்டில் வையுங்கள். அவர் ஓய்வு பெற்ற வீரர் அல்லர். 27 வயதில், 1994 ஜூலை 2ஆம் தேதி மெடெயினில் சுட்டுக் கொல்லப்பட்டவர். பத்து நாள் முன்பு, ஜூன் 22 அன்று உலகக் கோப்பையில் பசடேனா ரோஸ் பவுலில் அமெரிக்காவுக்கு எதிராக, அந்த அணியின் ஹார்க்ஸ் உள்ளே அடித்த பந்தைத் தடுக்கச் சறுக்கியபோது சேம் சைடு கோல் ஆகிவிட்டது. கொலம்பியா 2–1 என்று தோற்றது. ஒவ்வொரு உலகக் கோப்பையின்போதும் ஒவ்வொரு ஜூலை 2ஆம் தேதியும் அவர் பெயர் தேடப்படுகிறது. தேடுகிறவர்களில் பலருக்கு அவர் 1989இல் அட்லெட்டிகோ நாசியோனாலோடு கோப்பா லிபெர்தாதோரெஸ் (தென் அமெரிக்க கிளப் கோப்பை) வென்றவர் என்பதோ, 1988இல் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தலையால் கோல் அடித்தவர் என்பதோ தெரியாது. 'கால்பந்தின் கனவான்' என்று சொந்த நாட்டில் அழைக்கப்பட்ட ஒருவரை மற்றவர்களின் புகழுக்கு அளவுகோலாக வைத்தால் ஒப்பீடும் கெடும், அவருக்கும் நியாயம் செய்ததாகாது. அவரைப் பற்றிக் கேள்வி வைப்பதானால் அந்த வெம்ப்ளி கோலைக் கேளுங்கள்.

பதில் 4 – மூன்றாம் தடுப்பு

உங்கள் சுற்று தமிழ்நாட்டில் நடப்பதானால் ட்ரெண்ட்ஸில் தமிழ்நாடு என்று மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கத் தோன்றும். தேடல் ஒரு குறைந்த அளவுக்குக் கீழே இருந்தால் கருவி பூஜ்யம் காட்டும், அல்லது தரவு போதவில்லை என்று சொல்லும். பூஜ்யம் என்றால் யாருக்கும் தெரியாது என்று பொருளில்லை. இங்கே இந்தியா அளவிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இங்குள்ளவர்களுக்கு அந்த இன்டர் தடுப்பு வரிசை பற்றித் தெரிய ஒரு தனிக் காரணம் உண்டு. கோர்தோபாவோடு இன்டரில் ஆடிய மார்கோ மாத்தராஸி 2014இல் சென்னையின் எஃப்சிக்கு ஆட்டக்காரர்–பயிற்சியாளராக வந்தார், 2015இல் பயிற்சியாளராக ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையும் வென்றார். அந்தப் பருவத்தில் 13 கோல் அடித்து முதலிடம் பிடித்த ஸ்டீவன் மென்டோசா கொலம்பியர். ஆகவே 'சென்னையின் பயிற்சியாளராக இருந்தவரோடு இன்டரில் ஆடிய கொலம்பிய சென்டர் பேக் யார்' என்று கேட்டால் கடினமான கேள்வி நடுத்தரத்துக்கு இறங்கும். துப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் கடினத்தை மாற்றும்.

என் பரிந்துரை: வெம்ப்ளி கோல் வழியாக எஸ்கோபார் நடுத்தரம். 2014 காலிறுதி வழியாக யெப்பெஸ் எளிது. அவருடைய 102 சர்வதேச ஆட்டங்கள் வழியாக என்றால் நடுத்தரம். 2001 இறுதி கோல் வழியாகக் கோர்தோபா நடுத்தரம், சாம்பியன்ஸ் லீக் வென்ற முதல் கொலம்பியர் என்று கேட்டாலும் நடுத்தரம்தான், ஏனென்றால் பலர் ஹாமெஸ் என்று சொல்வார்கள். பெரேயா கடினம். அட்லெட்டிகோவுக்கு 2004 முதல் 2012 வரை 314 ஆட்டம் ஆடியவர், 2010 ஐரோப்பா லீக் இறுதியில் ஃபுல்ஹாமுக்கு எதிராகக் களத்தில் இருந்தவர்; ஆனால் அவர் விலகிய பிறகுதான் அந்த கிளப் லீக் பட்டத்தையும் சாம்பியன்ஸ் லீக் இறுதியையும் எட்டி உலகப் பேச்சானது.

விடைத்தாள் எழுதும்போது சில இடங்களில் கவனம். 2001 அணியின் கோல்கீப்பர் ஓஸ்கார் கோர்தோபா. இவானுக்கு உறவினர் இல்லை. கேள்வியில் முழுப் பெயர் கேட்பதாகக் குறிப்பிடாவிட்டால் 'கோர்தோபா' என்ற விடைக்கு மதிப்பெண் தருவதா என்று சண்டை வரும். யெப்பெஸின் அந்தக் கோல் கணக்கில் ஏறியிருந்தால் ஆட்டம் 1–1 ஆகியிருக்கும். 'வெற்றி கோல்' என்று எழுதிவிடாதீர்கள். 2010 மே 22, மாட்ரிட்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டரின் சென்டர் பேக்குகள் லூசியோவும் சாமுவேலும். கடைசி நிமிடங்களில் மாத்தராஸி இறங்கினார். கோர்தோபா பெஞ்சில் இருந்தார், இறங்கவில்லை. 'இறுதியில் ஆடிய முதல் கொலம்பியர்' என்று கேட்டால் கேள்வியே தவறு. 'பட்டம் வென்ற அணியில் இருந்த முதல் கொலம்பியர்' என்று கேளுங்கள்.

பின்வரிசை

கடைசிக் கேள்வி 'இறுதியில் ஆடிய' என்றுதான் எழுதப்பட்டிருந்தது. மாற்றியாயிற்று. 24 மாத இடைநிலை அளவை ஸ்பானியம், இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் நான்கிலும் எடுத்து, அட்டவணையை இங்கேயே போடுகிறேன்.